நான் கூட்டி எழுதிய இரண்டு வயது

புதிதாக வேலைக்கு வந்திருக்கும் ஆசிரியத் தம்பி தங்கைகளே, உங்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் பொறாமைதான். போன மாதம் அரியாங்குப்பம் போகிற பேருந்தில் என் பக்கத்தில் ஓர் இளைஞர் உட்கார்ந்தார். வேலையில் சேர்ந்து இரண்டு மாதம்தான் ஆகிறதாம். நான் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் என்று தெரிந்ததும், "இப்பல்லாம் ஆதார், பர்த் சர்டிபிகேட் எல்லாத்தையும் கம்ப்யூட்டரே கேட்டுடுது சார். உங்க காலத்துல புள்ளைங்க வயச எப்படி எழுதனீங்க?" என்று கேட்டார்.

நான் வலது கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய் இடது காதைத் தொட்டுக் காட்டினேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். முன் இருக்கைக்காரர் திரும்பிப் பார்த்து அவரும் சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன். ஆனால் இறங்கிய பிறகு மனசு சரியில்லை. அந்தப் பிள்ளைக்கு நான் பாதிக் கதையைத்தான் சொல்லியிருக்கிறேன் என்று பட்டது. மீதியை இங்கே எழுதுகிறேன்.

நான் வேலை பார்த்தது அரியாங்குப்பம் தாண்டி, இன்னொரு பேருந்து மாறிப் போக வேண்டிய ஒரு கிராமத்துத் தொடக்கப் பள்ளியில். இரண்டு அறை, இரண்டு ஆசிரியர்கள், ஒரு வேப்பமரம். அந்த ஊர்தான் என் மனைவி சரோஜாவுக்குப் பிறந்த ஊரும். கல்யாணம் ஆனதும் அங்கேயே வீடு பார்த்துக்கொண்டு தங்கிவிட்டேன். அதனால் அந்த ஊருக்கு நான் பாதி வாத்தியார், பாதி மாப்பிள்ளை. மனு எழுத வேண்டுமா, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டுமா, கொம்யூன் பஞ்சாயத்து ஆபீசில் யாரிடமாவது பேச வேண்டுமா, என் வாசலுக்குத்தான் வருவார்கள். முக்கியமாக, எந்த வீட்டுக் கல்யாணப் பத்திரிகையும் என் கையால் எழுதாமல் அச்சுக்குப் போகாது. யார் பெயர் முன்னால், யார் பெயர் பின்னால், எந்தச் சித்தப்பா கோபித்துக்கொள்வார் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. அதில் எனக்குப் பெருமை உண்டு. இப்போது ஒத்துக்கொள்வதில் என்ன வெட்கம்?

அந்த ஊரில் பாதிக் குழந்தைகள் வீட்டிலேயே பிறந்தவை. பலருக்குப் பிறப்புப் பதிவே கிடையாது. ஜூன் மாதம் பிள்ளையைக் கூட்டிவந்து, "நீங்களே ஒரு தேதி போட்டுக்குங்க சார்" என்பார்கள். கை காதைத் தொட்டால் ஐந்து வயது. ஜூனில் ஒரு தேதியைப் போட்டுக்கொள்வோம். எங்கள் பள்ளியில் பாதிப் பேருக்கு ஜூனில்தான் பிறந்தநாள்.

ஒரு வருடம் முதல் வகுப்பில் சேரப் பிள்ளைகள் இல்லை. எண்ணிக்கை இன்னும் குறைந்தால் இரண்டாவது ஆசிரியர் பணியிடத்தை எடுத்துவிடுவார்கள் என்ற பேச்சு அடிபட்டது. ஐந்து வகுப்பையும் நான் ஒருவனே கட்டி மேய்க்க வேண்டியிருக்கும். அந்தச் சமயத்தில்தான் சரோஜாவின் தம்பி முருகையன் தன் மகள் தேன்மொழியைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தான். அவனுக்கு டவுனில் மில் வேலை. அவன் பெண்டாட்டி களை எடுக்கப் போகிறவள். குழந்தையை எங்கே விடுவது?

"மாமா, இங்க ஒரு மூலையில குந்திக்கினு இருக்கட்டும். அக்கா வூட்லயும் ஒரு சின்னக் கொழந்த, அக்காகிட்ட எத்தினிய கட்டறது?"

அக்கா வீட்டுச் சின்னக் குழந்தை என்றது என் மகள் நித்யாவை. தேன்மொழியும் நித்யாவும் பத்து நாள் இடைவெளியில் பிறந்தவர்கள். இரண்டுக்கும் அப்போது மூன்று வயது.

தேன்மொழியைக் காதைத் தொடச் சொன்னேன். கை உச்சந்தலையோடு நின்றுவிட்டது. அந்தக் குட்டி என்ன செய்தாள் தெரியுமா? தலையைச் சாய்த்து, காதைத் தோளோடு சேர்த்து மேலே தள்ளி விரலுக்கு எட்ட வைக்கப் பார்த்தாள். அப்போதும் எட்டவில்லை. வகுப்பே சிரித்தது. நானும் சிரித்துக்கொண்டேதான் பதிவேட்டை எடுத்து 'ஐந்து வயது நிறைந்தது' என்று எழுதினேன். தேதியும் போட்டேன். முருகையன் கையெழுத்துப் போட்டான். இரண்டாவது ஆசிரியர் பணியிடம் தப்பித்தது, ஒரு தாய்க்கு உதவியும் ஆயிற்று. அன்று வீட்டுக்குப் போகும்போது ஒரே நாளில் இரண்டு நல்ல காரியம் செய்த திருப்தி எனக்கு.

பென்சிலையே பிடிக்கத் தெரியாதவளை முதல் வகுப்பில் இரண்டு வருடம் உட்கார வைத்தேன். என் மகளை மட்டும் ஐந்து வயது முடியும்வரை காத்திருந்து, சரியான தேதியோடு சேர்த்தேன். அப்போது இந்த வித்தியாசம் என் கண்ணில் படவே இல்லை. உங்களிடம் சொல்லும்போதுதான் உறைக்கிறது.

வருடங்கள் ஓடின. மில் மூடியது. முருகையன் ஒரு கம்பெனியில் காவலாளி வேலைக்குப் போனான். தேன்மொழி அரியாங்குப்பத்தில் மேல்நிலைப் படிப்பை முடித்தாள். நன்றாகப் படிக்கிற பெண். டவுனில் நர்சிங் படிக்க இடமும் கிடைத்தது. ஆடி மாதக் கடைசியில் முருகையன் ஒரு தாளோடு வந்தான்.

"மாமா, தேனுக்கு நல்ல எடம் ஒண்ணு வந்துக்குது. ஆவணியில முகூர்த்தம். பத்திரிகை எழுதிக் குடுங்க."

"படிப்பு?"

"படிச்சிட்டு எங்க மாமா போவப்போறா? கேக்காமலே வந்த எடம். பையன் குடிக்க மாட்டான். எனக்கும் நெஞ்சுல அப்பப்ப சுருக்குங்குது. கண்ணு மூடறதுக்குள்ள கரையேத்திடணும்."

நான் பேனாவைத் திறக்காமல், "அவளுக்கு வயசு?" என்று கேட்டேன்.

அவனுக்கு அது கேள்வியாகவே படவில்லை. "ஜூன்லதான் பதினெட்டு முடிஞ்சிதே! நீங்க எழுதன சர்டிபிகேட்டுதான மாமா" என்று சிரித்தான். ஏமாற்றுகிற சிரிப்பு இல்லை அது. இத்தனை வருடத்தில் அந்தத் தேதி அவனுக்கும் உண்மையாகிவிட்டிருந்தது. பள்ளியில் எழுதினால் அதுதான் வயது.

உள்ளே என் மகள் நித்யா பாடப் புத்தகத்தோடு தரையில் படுத்துக் காலை ஆட்டிக்கொண்டு படித்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பதினாறு. அப்படியென்றால் தேன்மொழிக்கும் பதினாறு. ஆனால் என்ன செய்தேன்? பத்திரிகையை எழுதினேன். 'நிகழும் மங்களகரமான' என்று ஆரம்பித்து, யார் பெயரும் விட்டுப்போகாமல், வழக்கம்போல அழகாக எழுதிக் கொடுத்தேன்.

அவன் போன பிறகு சரோஜாவிடம் சொன்னேன். அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தைக் கீழே வைக்கவில்லை.

"எனக்கும் தெரியுங்க. பெத்தவளுக்கும் தெரியும். நீங்க இப்பப் போயி எதுனா சொன்னீங்கன்னா என் தம்பி வாசப்படி எனக்கு இல்லாமப் போயிடும். எனக்கு வேற யாரு இருக்காங்க?"

அவள் கேட்டதில் தப்பில்லை. அப்பா அம்மா போய்ச் சேர்ந்த பிறகு அவளுக்குப் பிறந்த வீடு என்றால் அந்தத் தம்பி வீடு ஒன்றுதான். நான் வாயை மூடிக்கொண்டேன்.

நான்காம் நாள் மத்தியானம், பிள்ளைகள் சாப்பிட்டுக் கைகழுவும் நேரத்தில் தேன்மொழி பள்ளிக்கு வந்தாள். வேப்பமரத்தடியில் நின்றாள். வீட்டில் என்னை மாமா என்பவள், பள்ளிக் காம்பவுண்டுக்குள் வந்தால் சார் என்பாள். அன்று குழம்பிப்போய் இரண்டையும் சொன்னாள்.

"சார்... மாமா, நானும் நித்யாவும் ஒரே வருஷந்தானே பொறந்தோம்?"

நான் கைகழுவும் பிள்ளைகள் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"அத்தை எப்பவும் சொல்லுவாங்களே. ரெண்டு பேரையும் ஒரே தூளியில போட்டு ஆட்டுனேன்னு."

"உங்க அப்பாகிட்ட கேளும்மா" என்றேன். முப்பது வருட சர்வீசில் நான் ஒரு பிள்ளைக்குச் சொன்ன பதில்களிலேயே கேவலமான பதில் அதுதான். "சரி சார்" என்று சொல்லிவிட்டுப் போனாள். மாமா என்று சொல்லவில்லை.

பத்திரிகை எழுதிய பதினோராம் நாள், ஒரு பெண் அதிகாரி ஜீப்பில் வந்து பள்ளி வாசலில் இறங்கினார். வயது குறைந்த பெண்ணுக்குக் கல்யாணம் என்று யாரோ போன் செய்திருக்கிறார்கள். ஜீப்பைப் பார்த்ததும் ஊரே கூடிவிட்டது. முருகையன் காவல் வேலைச் சீருடையோடு ஓடிவந்தான்.

அதிகாரி தன்மையானவர். பதிவேட்டைக் கேட்டார். எடுத்து வைத்தேன். அந்தப் பக்கத்தைத் தேட வேண்டிய அவசியமே எனக்கு இருக்கவில்லை. அவர் தேதியைப் பார்த்து விரலால் கணக்குப் போட்டுவிட்டு, "பதினெட்டு முடிஞ்சிருக்கு. யாரோ வேணும்னே போன் பண்ணியிருக்காங்க. சார், நான் எழுதிக்கிட்ட இந்தத் தாள்ல உண்மை நகல்னு ஒரு கையெழுத்து மட்டும் போட்டுக் குடுத்துடுங்க, நான் கெளம்பறேன்" என்றார்.

"அதான் மேடம் நானும் சொன்னேன்!" என்றான் முருகையன். சட்டையைச் சரிசெய்துகொண்டு கூட்டத்தைப் பார்த்துக் கையை விரித்தான்.

தம்பி தங்கைகளே, நான் செய்ய வேண்டியது ஒன்றுமே இல்லை. கையெழுத்துப் போட்டால் போதும். பொய் பதின்மூன்று வருடத்துக்கு முந்தியது, அதுவும் என் வேலை. இன்று புதிதாக ஒரு பொய்யும் சொல்ல வேண்டியதில்லை. என் பக்கத்து நாற்காலியில் இருந்த சக ஆசிரியர் மேசைக்கு அடியில் என் காலை மிதித்தார். போடுங்கள் என்று அர்த்தம். பேனாவைத் திறந்தேன். வாசலில் கூட்டத்துக்குப் பின்னால் தேன்மொழி நின்றிருந்தாள். அழவில்லை, கெஞ்சவில்லை. என் கையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இந்தத் தேதி தப்பும்மா" என்றேன். "நான்தான் எழுதினேன். தெரிஞ்சேதான் ரெண்டு வயசு கூட்டி எழுதினேன். இந்தப் பொண்ணுக்குப் பதினாறுதான் ஆவுது. என் சம்சாரத்தோட தம்பி மக. என் மகளுக்கும் இவளுக்கும் பத்து நாள்தான் வித்தியாசம்."

முருகையன் வாயைத் திறந்தபடி நின்றான். திட்டுவான், அடிப்பான் என்று எதிர்பார்த்தேன். "மாமா..." என்று மட்டும் சொன்னான். பிறகு சுற்றி நின்றவர்களைப் பார்த்தான். தன் ஊர்க்காரர்கள் முன்னால், சீருடையோடு, பொய்க்காரனாக நிற்கிறோம் என்பது அவனுக்கு அப்போதுதான் புரிந்திருக்க வேண்டும். அந்த முகம் எனக்கு இன்றைக்கும் அப்படியே நினைவிருக்கிறது.

கல்யாணம் நின்றது. மாப்பிள்ளை வீட்டார் வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள். எனக்கு விசாரணை வந்தது, தண்டனை வந்தது, டவுனுக்கு மாற்றலும் வந்தது. அதெல்லாம் நியாயம்தான். அதைச் சொல்லி உங்களிடம் அனுதாபம் கேட்கவில்லை. ஊர் நடந்துகொண்ட விதம்தான் தாங்கவில்லை. யாரும் என்னைத் திட்டவில்லை, வருவதை நிறுத்திக்கொண்டார்கள். மனு எழுத வேறு ஆள் பிடித்தார்கள். வந்த இரண்டு மூன்று பேரும், "எங்க புள்ளைக்கும் இப்படி எதுனா எழுதி வெச்சிட்டீங்களா சார்?" என்று தணிந்த குரலில் கேட்கத்தான் வந்தார்கள். அரசு வேலைக்கு எழுதிப் போட்டிருந்த பையன்கள் என்னைக் கண்டால் சந்து மாறினார்கள். அந்த வருடம் தையில் என் வீட்டுக்கு எதிர் வீட்டில் கல்யாணம். அச்சடித்த பத்திரிகை தபாலில் வந்தது. எதிர் வீட்டிலிருந்து தபாலில்!

டவுனில் உப்பளத்துக்குக் குடிவந்தோம். சரோஜா என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்த மத்தியானம் வீட்டுக்குப் போனபோதுகூட "சாப்பிடுங்க" என்றுதான் சொன்னாள். ஆனால் அதற்குப் பிறகு பொங்கலுக்கு அவளுக்குப் பிறந்த வீட்டு வரிசை வரவில்லை. பொங்கலன்று காலையில் காரணமே இல்லாமல் வாசலைப் பெருக்குவாள். மறுபடி பெருக்குவாள். தெருமுனையைப் பார்ப்பாள். நான் பேப்பர் படிக்கிற மாதிரி உட்கார்ந்திருப்பேன். உண்மையைச் சொன்னவன் நான். அதற்கு விலை கொடுத்தவள் அவள். இதை யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லித்தரவில்லை, அதனால் உங்களுக்குச் சொல்கிறேன்.

தேன்மொழி மட்டும் வந்தாள். அப்பாவோடு ஒரு வருடம் மல்லுக்கட்டி நர்சிங் சேர்ந்துவிட்டாள். அப்பாவுக்குத் தெரியாமல் ஞாயிற்றுக்கிழமை அத்தையைப் பார்க்க வருவாள். ஒரு தடவை தட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே, "அன்னிக்கி போன் பண்ணது நான்தான் மாமா" என்றாள். "உங்ககிட்ட கேட்டேன், நீங்க சொல்லல. அதுக்கு அப்புறந்தான் பண்ணேன்." நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவளே பேச்சை மாற்றினாள். "சர்டிபிகேட்ல தேதிய மாத்தவே முடியலியாம் மாமா. கவர்மென்ட் வேலை கெடச்சா உங்களால நான் ரெண்டு வருஷம் முன்னாடியே ரிடையர் ஆவணும்." சரோஜா அன்றைக்குத்தான் ரொம்ப நாள் கழித்து வாய்விட்டுச் சிரித்தாள். பிறகு தேன்மொழிக்குக் காரைக்காலில் வேலை கிடைத்தது. அங்கேயே, அவளுக்குப் பிடித்தவரோடு, கல்யாணமும் ஆயிற்று. வருவது குறைந்தது. நித்யா பிரான்சுக்குப் போய்விட்டாள். வீட்டில் நாங்கள் இருவர்தான்.

மூன்று வருடத்துக்கு முன் சரோஜா இறந்தாள். காலையில் காபி போட்டுவிட்டு உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. சுமங்கலியாகப் போகிறவளுக்குப் பிறந்த வீட்டிலிருந்து கோடிச் சேலை வர வேண்டும். அதைச் சாத்தாமல் எடுப்பது எங்கள் பக்கத்தில் வழக்கமில்லை. மணி பன்னிரண்டு, ஒன்று, இரண்டு என்று போகிறது. வந்திருந்த பெரியவர்கள் ஆளுக்கொரு பக்கம் முணுமுணுத்தார்கள். "கடையில ஒண்ணு வாங்கிச் சாத்திடலாமே" என்றார் ஒருவர். அந்த நேரத்தில் என் பெண்டாட்டியைப் பார்த்து எனக்கு ஏற்பட்ட வெட்கத்தை எழுத எனக்கு வார்த்தை தெரியவில்லை.

இரண்டரை மணிக்குத் தேன்மொழி வந்தாள். கையில் தாம்பாளம். மஞ்சள், குங்குமம், பூ, அரக்கு நிறத்தில் ஒரு சேலை. காரைக்காலிலிருந்து வழியில் ஊருக்குப் போய்விட்டு வந்திருக்கிறாள். நேராக உள்ளே போய், "அத்தே, பொறந்த வூட்டுக் கோடி கொண்டாந்துட்டேன்" என்று சொல்லிச் சேலையைப் போர்த்திவிட்டு, பிறகுதான் அழுதாள்.

"ஆம்பளைங்க யாரும் வரலியா?" என்று ஒரு பெரியவர் கேட்டார்.

அவள் என் பக்கம் திரும்பி மெதுவாகச் சொன்னாள். "சேலை அப்பா எடுத்ததுதான் மாமா. தெருமுன வரைக்கும் வந்துட்டாரு. உள்ள வர மாட்டேங்கறாரு."

நான் அவனைப் போய்க் கூப்பிட்டிருக்கலாம். பத்து வீடு தள்ளித்தான். போகவில்லை. ஊர்வலம் தெருமுனையைத் தாண்டும்போது அவன் கடைசி ஆளாகச் சேர்ந்துகொண்டான். முடியெல்லாம் வெளுத்துப்போயிருந்தது. சுடுகாட்டில் எல்லாம் முடிந்து, குழாயடியில் நான் கால் கழுவும்போது பக்கத்தில் வந்து நின்றான். இத்தனை வருடம் கழித்து முதல் பேச்சு.

"அன்னிக்கிப் பத்திரிகை எழுத வந்தேனே மாமா. அப்பவே எங்கிட்ட தனியா சொல்லியிருந்தீங்கன்னா நானே நிறுத்தியிருப்பேன்."

குழாயை மூடிவிட்டுப் போய்விட்டான்.

அன்றிலிருந்து மாதத்துக்கு ஒரு தடவையாவது அவனைப் பார்க்கக் கிளம்புகிறேன். அரியாங்குப்பத்தில் இறங்கி, ஊருக்குப் போகிற பேருந்துக்குக் காத்திருப்பேன். பேருந்து வரும். ஒரு டீ குடித்துவிட்டு உப்பளத்துக்கே திரும்பிவிடுவேன். அந்த இளைஞர் என் பக்கத்தில் உட்கார்ந்ததும் அப்படிப்பட்ட ஒரு நாளில்தான்.

பதிவேட்டில் பொய் எழுதாதீர்கள் என்று சொல்ல இவ்வளவு எழுத வேண்டியதில்லை. அது உங்கள் கம்ப்யூட்டருக்கே தெரியும். என்றைக்காவது உங்கள் தப்பை நீங்களே சொல்ல வேண்டிய நாள் வரும். அப்போது அதிகாரியிடம் சொல்வதற்கு முன்னால், அந்தத் தப்பை நம்பி வாழ்ந்தவர் வீட்டுக்குப் போங்கள். நான் பள்ளிக்கூடத்தில், எல்லார் முன்னாலும், நாற்காலியில் உட்கார்ந்தபடி உண்மையைச் சொன்னேன். அப்போது என்னைப் பெரிய மனிதன் என்றுகூட நினைத்துக்கொண்டேன்.

முருகையன் சொன்ன மாதிரி அவனே கல்யாணத்தை நிறுத்தியிருப்பானா? எனக்குத் தெரியாது. நல்ல இடம் என்று அவ்வளவு ஆசையாக இருந்தான், மாட்டேன் என்றும் சொல்லியிருப்பான். கேட்டுப் பார்க்க எனக்கு முழுசாகப் பதினோரு நாள் இருந்தது. அவன் வீடு நாலு தெரு தள்ளி.